பன்றிக்கு இலைத்தூள்: கலக்குமுன் கவனிக்க வேண்டியவை

மக்காச்சோளமும் புண்ணாக்கும் விற்கிற விலையில், வீட்டுக்குப் பின்னால் நாலைந்து வெண்பன்றி வளர்ப்பவர்களின் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது. வேலியோரம் நிற்கும் முருங்கை, சூபாபுல், கிழங்கு பிடுங்கியபின் காட்டில் கிடந்து காயும் மரவள்ளித் தழை எல்லாமே புரதம் உள்ள சரக்குதான். காயவைத்துத் தூளாக்கித் தீவனத்தில் சேர்க்கலாம். ஆனால் ஆட்டுக்குக் கட்டுவதுபோல் கட்டுக்கட்டாய்ப் போட முடியாது. எந்த இலை, எந்த வயதுப் பன்றிக்கு, எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்து போட்டால் காசு மிஞ்சும். தெரியாமல் போட்டால் முடி உதிரும், எடை நிற்கும், ஈற்றில் குட்டி குறையும்.

1. பன்றி அசைபோடும் பிராணி அல்ல. மாட்டுக்கும் ஆட்டுக்கும் உள்ள பெருவயிறு அதற்குக் கிடையாது. நார்ப்பொருள் பெருங்குடலில்தான் கொஞ்சம் நொதித்துச் செரிக்கும். ஆகவே இலைத்தூள் துணைச் சரக்குதான். மக்காச்சோளத்தின் இடத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். புண்ணாக்கிலும் தவிட்டிலும் ஒரு பங்கை மட்டும் அது குறைக்கட்டும்.

2. பால்குடிக்கும் குட்டிக்கும், பால் மறந்த புதிதில் இருக்கும் குட்டிக்கும் இலைத்தூள் வேண்டாம். குடல் பழகாத வயதில் நார் போனால் கழிச்சல்தான் மிச்சம். 20 கிலோ எடை தாண்டிய பிறகு தொடங்கலாம்.

3. மொத்தத் தீவனத்தில் எவ்வளவு? 20 முதல் 50 கிலோ வரை உள்ள வளரும் பன்றிக்கு 100 கிலோ கலவையில் 5 முதல் 8 கிலோ. அதற்கு மேல் எடையுள்ள, விற்பனைக்குத் தயாராகும் பன்றிக்கு 10 முதல் 12 கிலோ. சினைப்பன்றிக்கு 15 கிலோ வரை போகலாம். பால் கொடுக்கும் தாய்க்கு 5 கிலோவோடு நிறுத்துங்கள். பத்துக் குட்டிக்குப் பால் சுரக்க அதற்கு எரிசக்தி வேண்டும், இலையில் அது குறைவு. இது நல்ல இலைகளுக்கான கணக்கு. நஞ்சுள்ள இலைக்குத் தனிக் கணக்கு உண்டு, கீழே வருகிறது.

4. சினைப்பன்றிக்கு ஏன் கூடுதல்? அதன் சினைக்காலம் 114 நாள். இந்தக் காலத்தில் தாராளமாகத் தின்னவிட்டால் கொழுத்துப்போய் ஈனும்போது சிரமப்படும். அளவைக் குறைத்தாலோ பசியில் கத்தும், தொட்டியைக் கடிக்கும். இலைத்தூள் கலந்தால் வயிறு நிறையும், கொழுப்பு ஏறாது, மலச்சிக்கலும் தீரும். பன்றிக் கொட்டகையில் இலைத்தூளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பேன்.

5. பயமில்லாமல் போடக்கூடிய இலைகளில் முதலிடம் மல்பெரிக்கு. உலர்ந்த இலையில் 18 முதல் 25 விழுக்காடு வரை புரதம் இருக்கிறது. குறிப்பிட்டுச் சொல்லும்படியான நஞ்சும் இல்லை. பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர் இருந்தால், புழு தின்னாமல் ஒதுக்கிய முற்றின இலையைக் கேட்டு வாங்கலாம். மருந்தடித்த இலை புழுவைக் கொன்றுவிடும் என்பதால் அவர்கள் தோட்டத்து இலை பொதுவாகச் சுத்தமாக இருக்கும். ஆனாலும் புழு தின்று கழித்த தட்டுக் குப்பையை அள்ளி வராதீர்கள்.

6. முருங்கை இலையில் புரதம் இன்னும் அதிகம், 25 விழுக்காட்டுக்கு மேல். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் கூடவே வரும். ஆனால் மனிதர் சாப்பிடும் முருங்கைப் பொடி என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள்! தளிர் இலையைப் பன்றிக்குப் போடுவது கட்டாது. அரவக்குறிச்சி, திண்டுக்கல், தேனிப் பக்கம் செடிமுருங்கையைக் கவாத்து செய்யும்போது விழும் முற்றின தழை போதும். கம்பளிப்பூச்சிக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு, காத்திருப்பு நாள் முடிந்த பின் எடுங்கள்.

7. வேலிமசால் ஆட்டுக்காரர்களுக்குப் பழக்கமான பயிர். பார்வைக்குச் சூபாபுல் போலவே இருந்தாலும், சூபாபுல்லில் உள்ள நஞ்சு இதில் தொல்லை தருவதில்லை. ஒருமுறை விதைத்தால் வருடக்கணக்கில் அறுக்கலாம். சொந்த நிலம் ஐந்து சென்ட் இருந்தாலும் பன்றிக்கென்று நட இதைத்தான் சொல்வேன்.

8. சூபாபுல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறு அதிகம் நடப்பது அங்கேதான். சவுண்டல் என்றும் சொல்லும் இந்த மரத்தின் உலர்ந்த இலையில் 20 முதல் 25 விழுக்காடு புரதம் உண்டு. கூடவே மைமோசின் என்ற நஞ்சும் உண்டு, அதிலும் துளிரில் அதிகம். அதிகம் தின்ற பன்றிக்குத் தீனி இறங்காது, முடி கொட்டும், எடை ஏறாது. மைமோசின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும்.

"எங்கள் ஆடு தினமும் தின்கிறதே" என்பார்கள். ஆட்டின் பெருவயிற்றில் அந்த நஞ்சை உடைக்கும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். ஹவாய் ஆடுகள் சூபாபுல்லை மட்டும் மேய்ந்தும் நலமாக இருப்பதைக் கவனித்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், 1980-களின் தொடக்கத்தில் அந்த நுண்ணுயிரைத் தம் நாட்டு மாடுகளுக்குக் கொண்டுபோனார். பின்னாளில் அதற்கு அவர் பெயரே சேர்ந்தது: சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி. பெருவயிறே இல்லாத பன்றிக்கு அந்தப் பாதுகாப்பு ஏது?

9. அப்படியும் சூபாபுல்தான் கையில் இருக்கிறது என்றால், துளிரை விட்டுவிட்டு முற்றின இலையை மட்டும் எடுங்கள். ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். மைமோசின் நீரில் கரையும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இலையைப் பிழிந்து வெயிலில் காயவையுங்கள். சத்தும் கொஞ்சம் கரைந்துதான் போகும், வேறு வழியில்லை. இவ்வளவு செய்த பிறகும் 100 கிலோ தீவனத்துக்கு 5 கிலோவைத் தாண்ட வேண்டாம். சினைப்பன்றிக்கும், இனவிருத்திக்கு வைத்திருக்கும் கிடாவுக்கும் அறவே வேண்டாம். சினைக்கு 15 கிலோ வரை என்று மேலே சொன்னது சூபாபுல்லுக்குப் பொருந்தாது.

10. மரவள்ளித் தழை சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்துக்காரர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும். அறுவடையில் கிழங்கு ஆலைக்குப் போகும், தண்டு அடுத்த நடவுக்குக் கட்டப்படும், இலை காட்டிலேயே மட்கும். புரதம் சூபாபுல்லுக்குக் குறையாது. இதிலுள்ள ஆபத்து சயனைடு. பச்சை இலையைத் தின்ற ஆடு மாடு செத்துவிழுந்ததைக் கேள்விப்படாத ஊர் அந்தப் பக்கம் இருக்காது.

ஆனால் இந்த நஞ்சை விரட்டும் வழியும் இலைக்குள்ளேயே இருக்கிறது. இலையை நறுக்கினால் அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கி, கட்டுண்டு கிடக்கும் சயனைடை விடுவிக்கும். அது ஆவியாகிக் காற்றோடு போய்விடும். ஆகவே பறித்த அன்றே விரலகலத் துண்டாக நறுக்கி, தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் வெயிலில் கிளறிக் கிளறிக் காயவிடுங்கள். அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் வாட்டினால் நொதி முதலில் செத்துவிடும், நஞ்சு இலையிலேயே தங்கிவிடும். இந்த இலைக்கு மட்டும் மெதுவாகக் காய்வதுதான் மருந்து.

11. மரவள்ளித் தழையை மூடிய அறையில் குவித்து நறுக்காதீர்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நறுக்கிய பச்சைத் தழையில் பன்றியோ ஆடோ வாய்வைக்க விடாதீர்கள்.

12. மரவள்ளி இலைத்தூள் போடும் கலவையில் மீன்தூள் கட்டாயம் இருக்கட்டும். மிச்சம்மீதி சயனைடை உடல் வெளியேற்றுவதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். இலைப் புரதத்தில் அதுதான் குறை, மீனில் தாராளம்.

13. சேகோ ஆலைத் திப்பியையும் மரவள்ளி இலைத்தூளையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும் என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் சரி. திப்பியில் மாவுச்சத்து உண்டு, புரதம் இல்லை என்பது உண்மை. ஆனால் இரண்டிலுமே நார் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வளரும் பன்றிக்குக் கொடுத்தால் வயிறு நிறையும், சதை பிடிக்காது. பெரிய பன்றிக்கு மட்டும் அந்தச் சேர்க்கை.

14. அகத்தியை நம் வீட்டில் அமாவாசைக்கும் துவாதசிக்கும் சமைக்கிறோம், பசுவுக்கும் கொடுக்கிறோம். கோழிக்கு அது ஆகாது. பன்றிக்கும் அதை நம்பிக் கூடுதலாகப் போட வேண்டாம்.

15. கிளைரிசிடியா வேலியில் எவ்வளவு தழை இருந்தாலும் அது வயலுக்கு உரமாகட்டும். அதன் வாடையே பன்றிக்குப் பிடிக்காது. இலை பூசணம் பிடித்தால் அதிலுள்ள கூமரின், இரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சாக மாறும். மத்திய அமெரிக்காவில் இந்த மரத்துக்கு எலிகொல்லி என்றே பெயர். எலிக்கு வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது.

16. ஆமணக்கு, அரளி, உண்ணிச்செடி, பார்த்தீனியம், எருக்கு: இவற்றின் ஓர் இலைகூடத் தார்ப்பாயில் விழக்கூடாது. வேலித்தழையை மொத்தமாக அறுக்கும்போது இவை கலந்து வரும். காய்ந்து நொறுங்கிய பிறகு பிரிக்க முடியாது, பச்சையிலேயே பொறுக்கி எறியுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து மரங்களின் தழையும் வேண்டாம்.

17. காலை பனி உலர்ந்த பிறகு அறுங்கள். மல்பெரி, முருங்கை, வேலிமசால் எல்லாவற்றையும் 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறை அறுத்தால் நார் ஏறாமல் இருக்கும். ஆறு மாதம் விட்டு வெட்டினால் கிடைப்பது விறகுதான்.

18. மரவள்ளியைத் தவிர்த்த மற்ற இலைகளை முதல் அரை நாள் வெயிலிலும் மீதியை நிழலிலும் காயவைக்கலாம். கடும் வெயிலில் கிடந்து வெளுத்த இலையில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் போய்விடும். காய்ந்த பிறகும் பச்சை நிறம் இருக்க வேண்டும். கையில் எடுத்துக் கசக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

19. எவ்வளவு கிடைக்கும்? பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ பச்சைத் தழை காய்ந்தால் 20 முதல் 25 கிலோ தேறும். காம்பைக் கழித்தால் இன்னும் குறையும். ஆள்கூலி கொடுத்து அறுத்துக் காயவைப்பதாக இருந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டு, புண்ணாக்கு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டு ஆளே செய்தால்தான் பெரும்பாலும் கட்டும்.

20. சூபாபுல், முருங்கை, வேலிமசால் மூன்றும் சிற்றிலை. கிளையோடு தார்ப்பாயில் காயவைத்துக் குச்சியால் லேசாகத் தட்டினால் இலை தானே உதிரும், காம்பு கையில் நிற்கும். அந்தக் காம்பு ஆட்டுக்குப் போகட்டும். காம்போடு அரைத்த தூளில் நார் ஏறிவிடும்.

21. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை காயாது. பாதி காய்ந்ததை மூட்டை கட்டினால் பூசணம் நிச்சயம். அப்போது ஊறுகாய்த் தீவனம் போடுங்கள். இலையை நறுக்கி ஒருநாள் நிழலில் வாடவிட்டு, 100 கிலோவுக்கு 3 முதல் 5 கிலோ சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகோ மரவள்ளி மாவோ கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் காற்று இல்லாமல் மிதித்து அடைத்து மூடுங்கள். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் புளிப்பு மணம் வரும். அழுகல் நாற்றம் வந்தால் குப்பைக்கு. மரவள்ளித் தழையிலும் சர்க்கரைவள்ளிக் கொடியிலும் வியட்நாமியக் குடியானவர்கள் பன்றிக்காக இதைச் செய்கிறார்கள். மரவள்ளியின் சயனைடும் இதில் குறைகிறது. ஊறுகாய்த் தீவனத்தில் தண்ணீர் அதிகம் என்பதால், ஒரு கிலோ இலைத்தூளுக்கு மூன்று கிலோவாவது ஈடாக வேண்டும்.

22. மாவு மில்லில் அரைக்கும்போது நைஸாக வேண்டாம், ரவை பதம் போதும். மாவாகிவிட்டால் பன்றி மூச்சிழுக்கும்போது மூக்கில் ஏறித் தும்மும், தொட்டியில் ஒதுக்கும்.

23. தூளைச் சாக்கில் போட்டுப் பலகைமேல், சுவரை ஒட்டாமல், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கட்டி விழுந்த தூள், பூசண வாடை வரும் தூள் எதையும் சலித்துப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள். கடலைப் புண்ணாக்கிலேயே அஃப்ளடாக்சின் பயம் உண்டு. அதோடு இதுவும் சேர வேண்டாம்.

24. வளரும் பன்றிக்கு 100 கிலோ கலவை: மக்காச்சோளம் 50 கிலோ, கோதுமைத் தவிடு 21, கடலைப் புண்ணாக்கு 14, மீன்தூள் 5, இலைத்தூள் 8, தாது உப்புக் கலவை ஒன்றரை, சமையல் உப்பு அரை கிலோ. புரதம் ஏறத்தாழ 17 விழுக்காடு வரும். பெரிய பன்றிக்கு: மக்காச்சோளம் 50, தவிடு 25, புண்ணாக்கு 8, மீன்தூள் 3, இலைத்தூள் 12, தாது உப்பும் உப்பும் முன்போலவே. புரதம் 15 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். இரண்டு கணக்கிலும் இலை என்பது மல்பெரி, வேலிமசால், முருங்கை போன்ற நல்ல இலை.

25. மீன்தூளுக்குப் பதில் கழிவுக் கருவாடு வாங்கி அரைத்தால் மேலே சொன்ன உப்பை நீக்கிவிடுங்கள். உப்பு மிகுந்து, குடிதண்ணீரும் குறைந்தால் பன்றிக்கு வலிப்பு வரும். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும்.

26. முதல் நாளே முழு அளவு போடாதீர்கள். கால் பங்கில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் ஏற்றுங்கள். கசப்பு இலையாக இருந்தால் கொஞ்சம் கழிவுப்பாகைக் கரைத்துத் தெளியுங்கள். தீவனத்தைத் தண்ணீர் விட்டுப் பிசறி வைத்தால் தூள் பறக்காது, மீதியும் வைக்காது.

27. கையால் அள்ளிப் போடும் அளவை நம்பாதீர்கள். இலைத்தூள் பஞ்சு போன்றது. ஒரு படி தவிட்டுக்கும் ஒரு படி இலைத்தூளுக்கும் எடை வேறு. ஒரு பழைய டப்பாவில் இலைத்தூளை நிரப்பித் தராசில் ஒருமுறை நிறுத்து, அளவைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 2 கிலோ தின்னும் பன்றிக்கு 8 விழுக்காடு என்றால் 160 கிராம்தான்.

28. ஓட்டல் எச்சில் போட்டு வளர்ப்பவர்களுக்கும் இலைத்தூள் உதவும். அதில் சோறும் எண்ணெயும்தான் அதிகம். புரதம், வைட்டமின், சுண்ணாம்புச் சத்து குறைவு. பெரிய பன்றி ஒன்றுக்கு நாளுக்கு 200 முதல் 300 கிராம் நல்ல இலைத்தூளை அதில் கலக்கலாம். ஆனால் எச்சிலை நன்றாகக் கிளறி ஒரு மணி நேரமாவது கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு இலைத்தூளைச் சேருங்கள். 2020-இல் இந்தியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேகாத இறைச்சிக் கழிவு வழியாகவும் பரவும். வந்தால் மருந்து கிடையாது, பட்டியே காலியாகும். இலைத்தூளில் மிச்சம் பிடிக்கும் காசெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

29. இலைத்தூள் தின்ற கோழியின் முட்டைக்கரு மஞ்சளாகும். பன்றியின் கொழுப்பு அப்படி மஞ்சளாவதில்லை. கறிக்கடைக்காரர் நிறத்தைக் காரணம் காட்டி விலை குறைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

30. பலன் இருக்கிறதா என்பதை எடை சொல்லும். தராசு இல்லாவிட்டால் தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை முதுகு நீளத்தையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, கடைசியில் 69.3-ஆல் பெருக்கினால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவும் நீளமும் ஒரு மீட்டர் என்றால் பன்றி 69 கிலோ. தொடங்கும் நாளிலும் மாதம் ஒருமுறையும் அளந்து குறித்துவையுங்கள். எடை ஏறும் வேகம் குறைந்தால் இலைத்தூளைப் பாதியாக்குங்கள்.

31. நிறையச் செய்து சேமித்தால் ஒரு கால் கிலோ மாதிரியை நாமக்கல்லில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பலாம். புரதம், நார், அஃப்ளடாக்சின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

32. பன்றி தீனி மறுத்தாலோ, முடி கொட்டினாலோ, மூச்சிரைத்துத் தள்ளாடினாலோ இலைத்தூளை அந்த வேளையே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மரவள்ளி நஞ்சில் நிமிடக் கணக்குத்தான், கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். எந்த இலை, என்றைக்குப் பறித்தது, எவ்வளவு போட்டீர்கள் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் தூளில் ஒரு பிடியையும் காட்டுங்கள்.